தாயின் பெயர் தாங்கிய தவச்செல்வர்

காவிரியின் தென்கரையில், திருச்சிராப்பள்ளி நகரின் நடுவே வானளாவ நிற்கிறது மலைக்கோட்டை. அடிவாரத்தில் மாணிக்க விநாயகரும், உச்சியில் உச்சிப் பிள்ளையாரும் வீற்றிருக்க, இடையில் கோயில் கொண்டுள்ள இறைவனுக்குத் தாயுமானவர் என்பது திருப்பெயர். உலகைப் படைத்துக் காக்கும் இறைவனைத் தந்தை என்று அழைப்பது எங்கும் உள்ள வழக்கம். அவனே ஒரு பெண்ணின் பேறுகாலத்தில் தாயாகவும் வந்தான் என்று போற்றுவது இவ்வூரின் தனிச்சிறப்பு. அப்பெயரைத் தாங்கிப் பிறந்து, தமிழுக்கு அருட்பாடல்களை வழங்கிய பெருமகனாரே தாயுமானவர்.

பெயர்க்காரணம்

பூம்புகார் வணிகர் ஒருவரின் மகளான இரத்தினாவதி, திருச்சிராப்பள்ளியில் மணம் செய்துகொடுக்கப்பட்டிருந்தாள். அவள் கருவுற்றுப் பேறுகாலம் நெருங்கியபோது, மகளுக்குத் துணையிருக்க அவளுடைய தாய் புறப்பட்டு வந்தாள். வழியில் காவிரி பெருக்கெடுத்து ஓடியது, ஓடம் செல்லவில்லை. அக்கரையில் தாய் தவித்தாள். இக்கரையில் மகள் வலியால் துடித்தாள். தான் நாளும் வழிபட்ட செவ்வந்திநாதரை அவள் நினைந்து அழுதாள். இறைவன் அவளுடைய தாயின் வடிவில் வந்து மருத்துவம் பார்த்தார். குழந்தை பிறந்த பின்னும் உடனிருந்து பணிவிடை செய்தார். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்து சேர்ந்தபோது, வீட்டில் இரண்டு தாயர் இருப்பதைக் கண்டு அனைவரும் திகைத்தனர். வந்திருந்தவர் மறைந்தார். செவ்வந்திநாதர் அன்றுமுதல் தாயுமானவர் ஆனார் என்பது தலவரலாறு. செட்டிப்பெண் மருத்துவம் என்னும் பெயரில் இந்நிகழ்ச்சி இன்றும் இக்கோயிலில் விழாவாக நடைபெறுகிறது. கருவுற்ற பெண்கள் நலமாகப் பிள்ளை பெற வேண்டி, வாழைத்தார் படைத்து வழிபடுகின்றனர்.

பிறப்பும் கல்வியும்

திருமறைக்காட்டைப் பூர்விகமாகக் கொண்டவர் கேடிலியப்பர். அவர்தம் துணைவியார் கெசவல்லி அம்மையார். திருச்சிராப்பள்ளியை ஆண்ட விசயரங்க சொக்கநாத நாயக்கரின் (1706–1732) அரண்மனையில் கேடிலியப்பர் பணியாற்றினார். தமையனார்க்குப் பிள்ளைப்பேறு இல்லாமையால், தம் மகன் சிவசிதம்பரத்தை அவருக்கே மகவாகக் கொடுத்தார். பெற்ற பிள்ளையைப் பிரிந்த வீடு வெறுமையாயிற்று. மற்றொரு மகவு வேண்டிப் பெற்றோர் இருவரும் மலைமேல் உறையும் இறைவனை வேண்டினர். அவ்வேண்டுதலின் பயனாகப் பிறந்த குழந்தைக்கு அவ்விறைவன் பெயரையே சூட்டினர்.

தாயுமானவர் இளமையிலேயே தமிழும் வடமொழியும் கற்றுத் தேர்ந்தார். தந்தையின் மறைவுக்குப் பின், அவர் வகித்த பணி இவரை வந்தடைந்தது. அரண்மனைக் கணக்குகளை நேர்மையுடன் பேணிய இளைஞரின் உள்ளம், மலைக்கோட்டையையே நாடியது. அங்குள்ள மௌனமடத்தைச் சார்ந்த மௌனகுருவைக் கண்டு, அவருக்கு ஆட்பட்டார். உடனே துறவு மேற்கொள்ள விரும்பினார். குருவோ, இல்லறத்தில் வாழ்ந்து மகப்பேறு எய்திய பின்னரே துறவுக்கு உரிய காலம் வரும் எனப் பணித்தார் என்பர். குருவின் சொல்லைத் தாயுமானவர் தலைமேற் கொண்டார்.

இல்லறமும் இழப்பும்

மன்னர் மறைந்தபின் அரசி மீனாட்சி ஆட்சிப் பொறுப்பேற்றார். அரண்மனைச் சூழல் தம் உள்ளத்திற்கு ஒவ்வாது போகவே, தாயுமானவர் பதவியைத் துறந்து இராமநாதபுரம் சென்றார். தம்பியைத் தேடிச் சென்ற சிவசிதம்பரம், அவரை அழைத்துவந்து திருமணம் செய்வித்தார். மணமகளின் பெயர் மட்டுவார்குழலி. மலைக்கோட்டையில் தாயுமானவர் அருகே எழுந்தருளியுள்ள அம்மையின் திருப்பெயரும் அதுவே.

அவ்வில்லறத்தின் பயனாகக் கனகசபாபதி என்னும் ஆண்மகவு பிறந்தது. மகிழ்ச்சி நீடிக்கவில்லை. மகன் பிறந்த சிறிது காலத்திலேயே மட்டுவார்குழலி அம்மையார் இயற்கை எய்தினார்.

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறப்பு என்று தமிழ் மக்கள் கூறிவந்தது அணிக்காகச் சொன்னதன்று. அக்காலத்தில் பேறு பார்த்தவர்கள் ஊர் மருத்துவச்சியரே. அனுபவ அறிவும், சுக்கு, மிளகு, திப்பிலி முதலிய மருந்துப் பொருள்களுமே அவர்தம் துணை. குருதிப்போக்கு மிகுந்தாலோ, பேறுகாலக் காய்ச்சல் கண்டாலோ உயிர் காக்கும் வழி அரிது. இந்நிலை உலகெங்கும் இருந்தது. பேறு பார்க்கும் மருத்துவர் கைகளைத் தூய்மை செய்துகொண்டால் தாய்மார் இறப்பு பெரிதும் குறையும் என்பதை, இக்னாசு செம்மல்வைசு என்னும் மருத்துவர் வியன்னா நகரில் 1847ஆம் ஆண்டில்தான் மெய்ப்பித்தார். தாயுமானவர் காலத்திற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிற்பட்டது அது.

ஒரு பெண்ணின் பேறுகாலத்தில் தாயாகி வந்த இறைவனின் பெயரைத் தாங்கியவர் அவர். அவர்தம் இல்லத்திலேயே, கைக்குழந்தை தாயை இழந்தது. அக்குழந்தையைத் தமையனாரிடம் ஒப்படைத்துத் தாயுமானவர் துறவு பூண்டார். தாயும் தந்தையும் உடனில்லாத அம்மகவைப் பேணி வளர்த்த சிவசிதம்பரத்தின் தொண்டும் இவ்வரலாற்றில் மறக்கத்தக்கதன்று. பிள்ளையில்லா வீட்டுக்குப் பிள்ளையாகக் கொடுக்கப்பட்டவர், தாயில்லாப் பிள்ளைக்குத் தாமே தாயுமானார்.

பாடல்களில் தாய்மை

தாயுமானவரின் பாடல்கள் 56 தலைப்புகளில் 1452 எனத் தொகுக்கப்பட்டுள்ளன. அவர் பாடப் பாட, அருளையரும் கோடிக்கரை ஞானியாரும் அவற்றை ஏட்டில் எழுதிக் காத்தனர். எளிய சொற்களால் அமைந்த பராபரக்கண்ணி, 389 கண்ணிகளைக் கொண்டு மக்கள் நாவில் நிலைபெற்றது. எல்லா உயிர்களும் இன்பமுற வேண்டும் என்பதே அவர்தம் வேண்டுதல். சமயப் பூசல்களைக் கடந்து, அனைத்தையும் ஒன்றாகக் காணும் சமரச நெறியை அவர் பாடினார்.

இறைவனைத் தாயாகக் காணும் உள்ளம் அவர் பாடல்களில் மிகுதி. மலைவளர்காதலி, அகிலாண்ட நாயகி, பெரியநாயகி ஆகிய தலைப்புகளில் அம்மையைப் பாடியுள்ளார். பெற்றவட்கே என்று தலைப்பிட்ட பாடல் ஒன்றும் உண்டு. மகவு ஈனும் துன்பத்தை ஈன்றவளே அறிவாள். ஈனாதவள் அதனை உணர இயலாது என்னும் உலகியல் உண்மையை அதில் உவமையாக வைக்கிறார். பேரின்பம் எய்தியவரே அதனால் உருகுவர். எய்தாதவர் நெஞ்சம் கல்லாகவே இருக்கும் என்பது அவர் உணர்த்தும் பொருள். ஞானத்தின் உச்சத்தைச் சொல்வதற்கு, தவமுனிவர் ஒருவர் தேர்ந்தெடுத்த உவமை பேறுகால வலி என்பது எண்ணத்தக்கது. அரண்மனையின் பொன்னும் பொருளும் தராத உவமையை, மகவு பெறும் தாயின் துன்பம் தந்தது.

தாயுமானவர் இராமநாதபுரத்தில் இறைவனோடு கலந்தார். அங்குள்ள இலட்சுமிபுரத்தில் அவருடைய நினைவிடம் அமைந்துள்ளது.

இன்றும் தொடரும் கடமை

இரத்தினாவதியின் தாயைத் தடுத்தது காவிரி வெள்ளம். பேறுகாலத்தில் உரிய உதவி உரிய நேரத்தில் வந்து சேராமையே அவள் துயருக்குக் காரணம். இன்று ஆறுகளின் மேல் பாலங்கள் உள்ளன. 108 அவசர ஊர்தி வீட்டு வாயிலுக்கே வருகிறது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் கருவுற்ற தாய்மார்க்குப் பரிசோதனையும் தடுப்பூசியும் இரும்புச்சத்து மாத்திரைகளும் வழங்கப்படுகின்றன. 2018–20 காலக் கணக்கீட்டின்படி, உயிருடன் பிறக்கும் ஓர் இலட்சம் குழந்தைகளுக்கு இந்திய அளவில் தாய்மார் இறப்பு 97. தமிழ்நாட்டில் அது 54. குறைந்துவிட்டது என்று மகிழலாம்; ஆயினும் அந்த 54 வீடுகளிலும் ஒரு குழந்தை தாயின்றி வளர்கிறது என்பதை மறத்தல் ஆகாது.

மலைக்கோட்டையின் படிகளில் ஏறும் மகளிர், வாழைத்தாரோடு ஒரு வேண்டுதலையும் சுமந்து செல்கின்றனர். பேறுகாலத்தில் துணைநிற்கும் கை எவருடையதாயினும், அது தாயின் கையே என்பதை அக்கோயிலின் பெயர் நாள்தோறும் நினைவூட்டுகிறது. மட்டுவார்குழலி அம்மையாரைப் போல் இளமையில் ஒரு தாயும் மறையாதிருக்கத் துணைநிற்பதே, எல்லா உயிரும் இன்புற வேண்டிய தாயுமானவர்க்கு நாம் செய்யும் வழிபாடாகும்.