கறுப்புக் கறை சொன்ன ரகசியம்

லண்டன் மாநகரில் 1857-ஆம் ஆண்டு பிறந்தவர் ஆர்ச்சிபால்ட் கராட். தந்தை பெயர்பெற்ற வைத்தியர். மகனும் அதே தொழிலில் புகுந்தார். குழந்தைகள் ஆஸ்பத்திரியிலும் பணிபுரிந்தார்.

அவர் ஒரு விசித்திர வியாதியைக் கண்டார். குழந்தையின் சிறுநீர் காற்றுப் பட்டதும் மெல்ல மெல்லக் கறுத்துவிடும். துணியெல்லாம் கறுப்புக் கறை! அல்காப்டோனூரியா என்பது அதன் பெயர். சிறு வயதில் வேறு தொல்லை அதிகம் இராது. வயது ஏற ஏற முதுகும் மூட்டுகளும் தேய்ந்து வலிக்கும்.

குடலில் உள்ள கிருமியே காரணம் என்று அக்காலத்தில் பலர் எண்ணினார்கள். கராட் அதை நம்பவில்லை. அந்த வியாதியுள்ள பிள்ளை ஒன்றின் தாய் 1901-இல் மீண்டும் பிரசவித்தாள். சிசுவின் துணிகளைப் பிறந்தது முதலே கவனிக்க ஏற்பாடு செய்தார் கராட். மூன்றாம் நாளே கறை தெரிந்தது!

ஆகவே இது ஒட்டிக்கொண்ட நோய் அல்ல, பிறவியிலேயே வந்தது.

பெற்றோருக்கோ வியாதி இல்லை. ஆனால் பல குடும்பங்களில் அவர்கள் நெருங்கிய இரத்த உறவினர்களாக இருந்தார்கள். பேட்ஸன் என்ற அறிஞர் விளக்கம் தந்தார். தாய் வழியாக ஒரு பழுது, தந்தை வழியாக ஒரு பழுது. இரண்டும் சேர்ந்தால்தான் வியாதி. ஒன்றை மட்டும் பெற்றவர் நலமாகவே இருப்பார். தாயை மட்டும் பழிப்பதில் நியாயம் இல்லை.

1902-இல் கராட் இதை வெளியிட்டார். உணவிலுள்ள புரதத்தை உடல் படிப்படியாகச் சிதைக்கிறது. ஒரு படிக்குரிய நொதி இல்லாவிட்டால், அரைகுறைப் பொருள் தேங்கிவிடும். அதுவே சிறுநீரில் கறுக்கிறது என்றார். 1909-இல் நூலும் எழுதினார். உலகம் அதைப் பெரிதாகக் கொள்ளவில்லை.

துயரமும் அவரைத் தொடர்ந்தது. முதல் உலகப் போரில் இரு புதல்வர்கள் மாண்டார்கள். மூன்றாமவரை 1919-இல் விஷக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. மனம் உடைந்தும் அவர் பணியை விடவில்லை. 1920-இல் ஆக்ஸ்போர்டில் பேராசிரியர் ஆனார். 1936-இல் காலமானார்.

அவர் சொன்னது பொய்க்கவில்லை. நொதிக் குறைவு 1958-இல் அமெரிக்காவில் நிரூபணமாயிற்று. 1996-இல் ஸ்பெயின் விஞ்ஞானிகள் பழுதான மரபணுவையே கண்டுபிடித்தார்கள். 2020-இல் பெரியவர்களுக்கான மருந்து ஒன்றுக்கு ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது.

துவைத்துப் போட வேண்டிய கறைதான். கராட் அதை உற்றுப் பார்த்தார். வைத்தியத்தில் புதிய வழி பிறந்தது!