உதைபந்தாட்ட ஆசான் செய்யது அப்துல் றஹீம்

தன்னிடம் கற்ற மாணவன் தன்னிலும் மேம்பட்டு விளங்கக் கண்டு மகிழ்பவனே நல்லாசிரியன் என்பது நம் முன்னோர் கொள்கை. ஏட்டுக் கல்விக்கே உரியதென நாம் எண்ணும் இவ்விலக்கணத்தை விளையாட்டுத் திடலில் மெய்ப்பித்துக் காட்டியவர் ஒருவர் உளர். அவரே இந்திய உதைபந்தாட்டத்தின் பேராசான் செய்யது அப்துல் றஹீம் அவர்கள். எம்மதத்தவராயினும் கடமையைத் தவமாகக் கொண்டொழுகியோர் வரலாறு நம் வாலிபர்க்குப் பயன்தருவதாதலின், அன்னாரின் வாழ்க்கையைச் சுருக்கமாக இங்கே தருகின்றோம்.

றஹீம் அவர்கள் 1909ஆம் ஆண்டு ஹைதராபாத் நகரிற் பிறந்தார். உஸ்மானியாப் பல்கலைக்கழகத்திற் கற்றுப் பட்டம் பெற்று, பாடசாலை ஆசிரியரானார். பின்னர் உடற்பயிற்சிக் கல்வியிலும் தேர்ச்சிபெற்றார். இளமையில் அவரும் நல்ல ஆட்டக்காரரே. எனினும், ஆடுவதிலும் ஆடுவோரை ஆக்குவதிலேயே அவர் மனம் பெரிதும் ஈடுபட்டது. 1943ஆம் ஆண்டில் ஹைதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளர் பதவி அவரை வந்தடைந்தது. பின்னர் அந்நகரப் பொலிஸ் அணியின் பயிற்சிப் பொறுப்பையும் ஏற்றார். அவ்வணி 1950 முதல் 1954 வரை ஐந்தாண்டுகள் தொடர்ச்சியாக பம்பாய் றோவர்ஸ் கிண்ணத்தை வென்றமை அவர் திறமைக்குச் சான்றாகும்.

அவருடைய பயிற்சி முறை ஆசிரியர் ஒருவரின் முறையாகவே இருந்தது. பந்தைத் தன் காலிலேயே வைத்துக்கொண்டு வித்தை காட்டும் ஆசை இளைஞர்க்கு இயல்பு. வெறும் புத்திமதியால் அது மாறாது என்பதை உணர்ந்த றஹீம், பந்தைத் தனியே உருட்டிச் செல்லலாகாது என்னும் விதியோடு சுற்றுப்போட்டிகளை நடத்தினார். வந்த பந்தை உடனே தோழனுக்கு அனுப்பியே தீரவேண்டும். வலக்காலையே நம்பியிருப்போர்க்காக, பழக்கமற்ற காலால் மட்டும் ஆடும் போட்டிகளையும் ஏற்படுத்தினார். இவ்வாறு ஆட்டத்தின் விதியே பாடமாயிற்று. ஒற்றுமையும் விரைவும் சொல்லாமலே கைவந்தன.

1951ஆம் ஆண்டு டில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டு விழாவில், அவர் பயிற்றிய இந்திய அணி இறுதியாட்டத்தில் ஈரானை ஒரு கோலால் வென்று தங்கப்பதக்கம் பெற்றது.

வெற்றியைத் தொடர்ந்து வந்தது பெருந்தோல்வி. 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், வடநாட்டுக் குளிரிலே, வீரர் பலர் சப்பாத்து இன்றி வெறுங்காலோடு ஆடினர். யூகோஸ்லாவியா பத்துக் கோல் போட்டது. இந்தியா போட்டது ஒன்றே. நம்மவரில் ஒருவர்க்கு இத்தகைய இழிவு நேர்ந்தால் களத்தை விட்டே ஒதுங்கிவிடுவார். றஹீம் ஒதுங்கவில்லை. இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனம் சப்பாத்தைக் கட்டாயமாக்கிற்று. றஹீமோ, நடு முன்கள வீரரைச் சற்றுப் பின்னிறுத்தி எதிரியின் காவலைக் கலைக்கும் புதுமுறையைத் தம் அணிக்குப் பழக்கினார்.

நான்கு ஆண்டு உழைப்பு வீண்போகவில்லை. 1956இல் மெல்பேண் ஒலிம்பிக்கில் இந்தியா, போட்டியை நடத்திய அவுஸ்திரேலியாவையே 4-2 என வென்றது. நெவில் டி சூசா மூன்று கோல்களைப் போட்டார். அரையிறுதியில் அதே யூகோஸ்லாவியாவுக்கு எதிராக முதற் கோலைப் போட்டதும் இந்தியாவே. ஆட்டம் 4-1 எனத் தோல்வியில் முடிந்ததாயினும், முடிவில் நான்காம் இடம் கிடைத்தது. ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தில் இந்தியா அடைந்த மிகவுயர்ந்த நிலை அதுவே.

1960இல் றோம் நகருக்குச் சென்ற அணியில் அவருடைய மகன் ஹக்கீமும் ஒருவர். பிரான்சுடன் சமநிலை கண்டும், ஹங்கேரி, பெரு ஆகிய நாடுகளிடம் தோற்றும் இந்தியா திரும்பியது. அம்மூன்று ஆட்டங்களிலும் தந்தை மகனைக் களத்தில் இறக்கவில்லை. பதவியிலிருப்போர் உற்றாரை முன்னிறுத்துவது எங்கும் காணும் வழக்கம். அதற்கு மாறான இந்நடத்தை நாம் ஊன்றி நோக்கற்பாலது.

1962ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நான்காவது ஆசிய விழா நடைபெற்றது. அப்போதே றஹீமைப் புற்றுநோய் பற்றியிருந்தது. முதலாட்டத்தில் தென்கொரியாவிடம் 2-0 எனத் தோல்வி. அடுத்து தாய்லாந்துடன் நடந்த ஆட்டத்தில் பின்களத் தூண் ஜர்னெயில் சிங் தலையிற் காயமுற்றுத் தையலிடப்பட்டார். முன்போலப் பின்களத்தில் நின்று தலையால் மோத இயலாதவரை வீட்டுக்கனுப்பாது, முன்கள வீரராக மாற்றினார் ஆசான். அரையிறுதியில் தென்வியட்நாம் 3-2 என வீழ்ந்தது. செப்டெம்பர் 4ஆம் நாள் இறுதியாட்டத்தில் எதிர்நின்றதும் தென்கொரியாவே. அரசியல் மனக்கசப்பொன்றினால் ஏறக்குறைய ஓர் இலட்சம் மக்கள் இந்தியாவுக்கு எதிராக ஆரவாரித்தனர். உடல்நலம் குன்றியிருந்த பீற்றர் தங்கராஜ் கோல் காத்தார். பி. கே. பானர்ஜி ஒரு கோலும், காயத்தோடு ஆடிய ஜர்னெயில் சிங் ஒரு கோலும் போட, 2-1 என வெற்றி கிட்டியது.

அத்தங்கத்தைக் கண்ட கண்கள் நெடுநாள் திறந்திருக்கவில்லை. 1963ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள், ஐம்பத்துமூன்றாம் வயதில் றஹீம் அவர்கள் மறைந்தார். அதன்பின் 1970இல் ஒரு வெண்கலம் பெற்றதன்றி, ஆசிய விழாவின் உதைபந்தாட்டத்தில் இந்தியா பதக்கம் எதனையும் பெறவில்லை. ஒரு மனிதரின் இழப்பு எத்துணைப் பெரிதென்பதை இதனால் உணரலாம். 2024இல் அவர் வரலாறு திரைப்படமாகவும் வெளிவந்தது.

வாலிப நண்பர்களே! வென்ற பதக்கங்கள் வீரர்களின் கழுத்தில் விழுந்தன. பயிற்றியவரோ ஓரத்திலே நின்றார். பயனைத் தமக்கென வேண்டாது கருமத்தைச் செய்க என்று கீதை வழியாக நாம் நாளும் கற்கின்றோம். அதனை ஹைதராபாத்தின் பாடசாலை ஆசிரியர் ஒருவர் புல்தரையிலே செய்துகாட்டினார். நம் சங்கத்தில் இளையோர்க்கு வழிகாட்டும் பெரியோரும், பெரியோரிடம் பயிலும் இளையோரும் அவ்வழி நிற்பார்களாக.