மடக்குன்னு ஒரு சத்தம்: டி.டி. பால்மரின் கதை

ரீல்ஸ்ல அடிக்கடி பார்த்திருப்பீங்க. ஒருத்தர் குப்புறப் படுத்திருப்பார், இன்னொருத்தர் முதுகுல அழுத்துவார், மடக்குன்னு ஒரு சத்தம். படுத்திருந்தவர் சிரிச்சுக்கிட்டே எழுந்திருப்பார். இந்த வைத்தியத்துக்குப் பேர் கைரோபிராக்டிக். நாலு வருஷமா லேப்டாப் முன்னாடி கூன் போட்டு உட்கார்ந்த எனக்கும் ஒருதடவை போய்ப் பார்க்கலாம்னு ஆசை வந்தது. அதுக்கு முன்னாடி, இதை ஆரம்பிச்சது யாருன்னு தேடினேன்.

டேனியல் டேவிட் பால்மர். 1845-ல் கனடாவில் பிறந்தவர். இருபது வயதில் அமெரிக்கா வந்தார். பள்ளி ஆசிரியர், தேனீ வளர்ப்பு, மளிகைக்கடை என்று பல வேலைகள் பார்த்தார். பிறகு, உடம்பின் காந்த சக்தியால் நோயைக் குணப்படுத்துவதாகச் சொல்லி, அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் நகரில் வைத்தியம் செய்தார். மருத்துவக் கல்லூரிப் பட்டம் எதுவும் அவரிடம் இல்லை.

1895 செப்டம்பரில்தான் திருப்பம். அவர் இருந்த கட்டடத்தின் துப்புரவுப் பணியாளர் ஹார்வி லில்லார்டுக்கு 17 வருஷமாகக் காது சரியாகக் கேட்காது. அவர் முதுகில் விலகியிருந்த எலும்பைத் தள்ளினேன், காது கேட்டுவிட்டது என்றார் பால்மர். லில்லார்டின் மகள் பின்னாளில் சொன்ன கதையோ வேறு மாதிரி இருக்கிறது.

இங்கேதான் எனக்கு இடிச்சது. கேட்கும் நரம்பு காதிலிருந்து நேரா மூளைக்குப் போகுது. முதுகெலும்பு வழியா போகவே இல்லை. அப்புறம் முதுகைத் தள்ளினா காது எப்படிக் கேட்கும்?

பால்மர் அந்தக் கேள்வியில் நிற்கவில்லை. நூற்றுக்கு 95 நோய்களுக்குக் காரணம் விலகிய முதுகெலும்புதான் என்று முடிவு கட்டினார். 1897-ல் பள்ளியே தொடங்கிவிட்டார். காசநோய்க்குக் கிருமிதான் காரணம் என்று கோக் நிரூபித்து அப்போது 15 வருஷம் ஆகியிருந்தது. நம்ம பிராஜெக்ட் ரிவ்யூல ஒரே ஒரு ரீடிங் எடுத்துட்டு கிராஃப் போட்டா கைடு விடுவாரா?

1906-ல் உரிமம் இல்லாமல் மருத்துவம் பார்த்ததாக அவர் மேல் வழக்கு. அபராதம் கட்ட மறுத்து ஜெயிலுக்குப் போனார். பிறகு பணத்தைக் கட்டிவிட்டு வெளியே வந்தார். பள்ளி மகன் பி.ஜே. பால்மர் கைக்குப் போனது. அப்பாவுக்கும் மகனுக்கும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

1913 அக்டோபரில் லாஸ் ஏஞ்சல்ஸில் இறந்தார். மரணச் சான்றிதழில் இருந்த காரணம் டைஃபாய்டு. அதாவது, ஒரு பாக்டீரியா.

அவர் மோசடிக்காரர்னு நான் சொல்லலை. தான் சொன்னதை அவர் உண்மையாகவே நம்பியிருக்கலாம். நம்பிக்கை இருந்தது, சோதனை இல்லை, அதுதான் சிக்கல். இன்னிக்கு ஆய்வுகள் சொல்வது இது: இடுப்பு வலிக்கு இந்த வைத்தியம் ஓரளவு உதவலாம், மற்ற சிகிச்சைகள் அளவுக்கு. ஆஸ்துமா மாதிரி நோய்களுக்கு உதவும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. கழுத்தை வெடுக்குன்னு திருப்பும்போது, அரிதாக ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்களும் பதிவாகியிருக்கு. அந்த மடக் சத்தம்? எலும்பு இடத்துக்கு வந்ததால் இல்லை. மூட்டுத் திரவத்தில் இருக்கும் வாயுவால் வருவது.

நான் அப்பாயின்ட்மென்ட் போடலை. நாற்காலியைக் கொஞ்சம் உயர்த்தி வெச்சிருக்கேன். வலி குறையலைன்னா டாக்டர்கிட்ட போவேன். கழுத்தை மட்டும் ரீல்ஸை நம்பிக் கொடுக்க மாட்டேன்.