கால்குலஸுக்கு முன்னால் ஆய்லர்

கால்குலஸ் வகுப்புல முழிக்கிறவங்களைக் கேட்டுப் பாருங்க. பாதிப்பேருக்குத் தகராறு கால்குலஸில் இல்லை, லாகரிதத்திலும் சைன், காஸிலும்தான். 250 வருஷத்துக்கு முன்னாலேயே இதைக் கண்டுகொண்டவர் லியோன்ஹார்ட் ஆய்லர்.

1707-ல் சுவிட்சர்லாந்தின் பேசல் நகரில் பிறந்தார். அப்பா பாதிரியார். இருபது வயதில் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனார். 1741-ல் பெர்லின்.

1748-ல் லத்தீனில் இரண்டு பாகமாக ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் வகையீடும் இல்லை, தொகையீடும் இல்லை. அவருக்குத் தெரியாததா? அல்ஜிப்ரா சரியாகப் படியாமல் மேலே போவதால்தான் மாணவர்கள் திணறுகிறார்கள் என்பது அவர் கணிப்பு. அதனால் முதலில் சார்பு, அப்புறம் அடுக்கு. அந்த அடுக்கையே திருப்பிப் பார்த்தால் லாகரிதம். வட்டத்தின் ஆரம் 1 என்று வைத்துக்கொண்டு சைன், காஸ். முடிவிலாத் தொடர்களும் உண்டு, அது கொஞ்சம் கடினம்தான்! வகையீட்டுப் புத்தகம் 1755-ல். தொகையீடு 1768 முதல். அவசரமே இல்லை.

வலது கண் இளமையிலேயே போயிற்று. 1766-ல் ரஷ்யா திரும்பியபின் மற்றதும் மங்கியது. ஆனாலும் அல்ஜிப்ரா புத்தகம் ஒன்றைச் சொல்லச் சொல்ல ஒரு தையல்காரப் பையன் எழுதினான். கணக்கே தெரியாத அந்தப் பையன், எழுதி முடிப்பதற்குள் அல்ஜிப்ரா கத்துக்கிட்டானாம்.