ரோசாப்பூத் துரை

நம் சங்கத்து இதழில் நம் குலத்துப் பெரியோர் வரலாறுகளே பெரும்பாலும் வெளிவருதல் வழக்கம். இத்திங்கள், பிற நாட்டிற் பிறந்து, பிற மொழி பேசும் குடியில் வளர்ந்து, பிற சமயம் பூண்ட ஒருவர், தமக்கு எவ்வகையானும் உறவல்லாத ஒரு குடியினர்க்காக வழக்காடிய வரலாற்றை எழுதப் புகுந்தேன். அக்குடியினர் வாழும் உசிலம்பட்டிச் சீமை நம் தேவதானத்திற்குத் தொலைவுமன்று; அவர் பட்ட துன்பம் நம் பக்கத்து முதியோர் அறியாததுமன்று.

ஜார்ஜ் ஜோசப் 1887-ஆம் ஆண்டு திருவிதாங்கூர் நாட்டுச் செங்கன்னூரில் சிரியன் கிறித்தவர் குடும்பத்திற் பிறந்தார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் எடின்பரோவிலும் கற்று, இலண்டனில் பாரிஸ்டர் பட்டம் பெற்று, 1909-இல் தாயகம் மீண்டார். சென்னையிற் சிறிது காலம் தங்கியபின் மதுரையை உறைவிடமாகக் கொண்டார். 1918-இல் சுயாட்சி வேண்டி இங்கிலாந்து சென்ற தூதுக்குழுவினருள் ஒருவராய்ச் சென்று ஜிப்ரால்டரில் தடுத்துத் திருப்பப்பட்டதும், அவ்வாண்டிலேயே மதுரை ஆலைத் தொழிலாளர் சங்கம் அமைய முன்னின்றதும் பலரும் அறிந்தவை.

பிறமலைக் கள்ளர் வழக்கே ஈண்டு விரித்துரைக்கத் தக்கது. ஊர்க்காவல் செய்து கூலி பெறுதலும், களவு போன மாட்டைத் துப்புக்கூலி வாங்கி மீட்டுத் தருதலும் அந்நாட்டின் பழைய முறைகள். அவற்றிற் கொடுமையே கலந்திலது என்று சொல்ல யான் துணியேன்; திண்டுக்கல் பக்கத்துக் குடியானவர் 1896-இல் கள்ளர் காவலை எதிர்த்துக் கிளர்ந்தனர். ஆயினும் ஆங்கிலேய அரசினர் அம்முறை தோன்றிய வகையை ஆராய்ந்தாரல்லர். வடநாட்டில் 1871-இல் தோன்றிய குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1911-இல் நம் மாகாணத்திற்கும் விரித்து, 1914-இல் கீழக்குடியாரையும், பின்னர்ப் பிறமலைக் கள்ளர் அனைவரையும் அதனுள் அடக்கினர். ஆடவர் கைரேகை பதித்தல் வேண்டும். இரவிற் காவல் நிலையத்திற்கோ சாவடிக்கோ சென்று படுத்தல் வேண்டும். அயலூர் செல்ல இராதாரிச் சீட்டு வேண்டும். புது மணவாளனும் இதற்கு விலக்கில்லை. யாதொரு களவும் செய்யாதவனும் பிறப்பினாலேயே குற்றவாளி ஆயினான்!

கைரேகை பதிக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் போலீசார் சுட்டதில் 16 பேர் மாண்டனர். அவருள் மாயக்காள் என்னும் பெண்ணும் ஒருத்தி.

இச்சட்டத்தை நீதிமன்றத்திலும் பத்திரிகையிலும் எதிர்த்து நின்றவர் ஜோசப். அரசினரும் கள்ளர் நாட்டிற் பள்ளிகளையும் கூட்டுறவுச் சங்கங்களையும் பின்னர் நிறுவினர். அவை பயன் தந்தன என்பதை மறுத்தல் நேர்மையன்று. ஆனால் ஒரு கையால் ரேகை பிடித்து மறு கையால் எழுத்துக் கற்பித்தல் எத்தகைய தொண்டு? ஜோசப் அம்மக்களைத் திருத்தப் புறப்பட்டாரல்லர். பிறரைப் போலவே அவரும், செய்த குற்றத்திற்கன்றிப் பிறந்த குடிக்காகத் தண்டிக்கப்படலாகாது என்பதே அவர் வழக்கின் உயிர்நிலை.

அம்மக்களும் அவரைத் தம்மவராக்கிக் கொண்டனர். ஜோசப் என்னும் பெயர் அவர் நாவில் ரோசாப்பூ ஆயிற்று. சட்டையில் ரோசாப்பூச் செருகும் வழக்கமுடையார் ஆதலின் அப்பெயர் வந்தது என்பாரும் உளர். எவ்வாறாயினும் ‘ரோசாப்பூத் துரை’ என்றே அவரை அழைத்தனர். தம் பிள்ளைகளுக்கும் ரோசாப்பூ என்று பெயரிட்டனர். இதனினும் பெரிய பட்டத்தை எந்தச் சர்க்கார் கொடுக்கும்?

பின்னர் அலகாபாத்தில் ‘இண்டிபெண்டெண்ட்’ ஆசிரியராயிருந்து சிறை புகுந்தார். 1923-இல் ‘யங் இந்தியா’வை நடத்தினார். 1924-இல் வைக்கத்தில், கோயிலைச் சூழ்ந்த வீதிகள் தாழ்த்தப்பட்டோர்க்குத் திறக்கப்பட வேண்டிய அறப்போரில் தலைமை ஏற்றார். அது இந்துக்களே தீர்க்க வேண்டிய பழி, கிறித்தவர் விலகி நிற்க என்று காந்தியடிகள் அறிவுறுத்தினார். பொது வீதியில் நடத்தல் குடிமக்கள் அனைவர்க்கும் உரிய உரிமை என்பது ஜோசப்பின் கொள்கை. அவர் சிறைப்பட்டார். யான் அடிகள்பாற் பேரன்புடையேன். எனினும் இவ்வொன்றில் ஜோசப்பின் பக்கமே என் மனம் சாய்கிறது. துன்புறுவோர்க்கு உதவ வருவோனை நீ எக்குலத்தினன் என்று உசிலம்பட்டியார் வினவினாரல்லரே.

மதுரைக்கு மீண்டு மறுபடியும் வழக்கறிஞர் தொழில் மேற்கொண்டார். 1933-இல் விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் காமராசர்மேற் குற்றஞ்சாட்டப்பட்டபோது, டாக்டர் வரதராஜுலு நாயுடுவுடன் அவருக்காகத் தோன்றி விடுவித்த செய்தியை நம் ஜில்லாவினர் நன்கறிவர். 1937-இல் மத்திய சட்டசபை உறுப்பினரானார். மறு ஆண்டு மார்ச்சுத் திங்களில், ஐம்பது வயதளவில், மதுரையிலேயே காலமானார். அவர் எதிர்த்த சட்டம் நம் மாகாணத்தில் நீங்கியது 1947-இல். அதுவரை, துரை மறைந்த பின்னும் ஒன்பதாண்டுகள், கள்ளர் நாட்டு ஆடவர் இரவுதோறும் சாவடிக்கு நடந்தனர்.