சி. வை. தாமோதரம் பிள்ளையவர்களும் முந்துறச் செய்த கருமமும்

மக்கட்கு வாய்த்த வாழ்நாள் சிறிது. அவர் உள்ளத்தெழும் விருப்பங்களோ பல. கல்வியிற் சிறத்தல் வேண்டும், பொருளீட்டல் வேண்டும், மக்களை நன்னிலையில் நிறுத்தல் வேண்டும், ஊர்க்கும் மொழிக்கும் இயன்றது செய்தல் வேண்டும் என ஒருவர் நெஞ்சிலேயே நூறு நோக்கங்கள் ஒருங்கெழுகின்றன. இவற்றுள் எதனை முன்னர்ச் செய்வது, எதனைப் பின்னர்க்கு வைப்பது, எதனைப் பிறர்க்கு விடுவது என்று துணியமாட்டாமல், எல்லாவற்றையும் சிறிது சிறிது தொட்டு, ஒன்றனையும் முடியாது கழிவாரே பெரும்பாலார். அத்துணிவு ஒருவர் வாழ்நாளை எத்துணைப் பயனுடையதாக்கும் என்பதற்குப் பழந்தமிழ் நூல்களை அச்சேற்றி அளித்த சி. வை. தாமோதரம் பிள்ளையவர்களுடைய சரித்திரம் தக்கதோர் எடுத்துக்காட்டாம். ஆதலின், நம் சங்கத்து அன்பர்கட்கும் அவர்தம் இல்லத்தார்க்கும் அதனை ஈண்டுச் சுருக்கிக் கூறுவாம்.

பிள்ளையவர்கள் யாழ்ப்பாணத்தைச் சார்ந்த சிறுப்பிட்டி என்னும் ஊரில், வைரவநாதருக்கும் பெருந்தேவி அம்மையாருக்கும் மைந்தராக 1832ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 12ஆந் தேதி பிறந்தார். தந்தையாரிடத்தும், பின்னர்ச் சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடத்தும் தமிழ் கற்றார்; தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் ஆங்கிலக் கல்வி பெற்றார். கோப்பாயிற் சிறிதுகாலம் ஆசிரியராயிருந்து, பெர்சிவல் பாதிரியார் அழைத்தமையாற் சென்னை போந்து, 'தினவர்த்தமானி' என்னும் பத்திரிகையை நடத்தினார். சென்னைச் சர்வகலாசாலை 1857ஆம் ஆண்டில் நிறுவப்பெற்று முதன்முதல் நடத்திய பி. ஏ. பரீட்சையில் தேறிப் பட்டம் பெற்றார். கள்ளிக்கோட்டையில் ஆசிரியத் தொழில் புரிந்தார். அதன்பின் சென்னை அரசாங்கக் கணக்காய்வு அலுவலகத்திற் சேர்ந்து உயர்பதவி எய்தினார். உத்தியோகத்திலிருந்துகொண்டே சட்டமும் பயின்று 1871ஆம் ஆண்டிற் பி. எல். பட்டமும் பெற்றார்.

இங்ஙனம் நாற்பது வயதிற்குள் ஆசிரியர், பத்திராசிரியர், அரசாங்க அதிகாரி, சட்டப் பட்டதாரி என்னும் பல நிலைகளை அவர் எய்தினார். இவற்றுள் ஒவ்வொன்றும் ஒருவர் வாழ்நாள் முழுவதையும் கொள்ளத்தக்கது. இவற்றோடு தமிழ்ப்பற்றும் இளமை தொட்டே அவரிடத்து இருந்தது. இருபது வயதையொட்டி நீதிநெறிவிளக்கத்தை உரையுடன் வெளியிட்டார். 1868ஆம் ஆண்டில் ஆறுமுக நாவலரவர்கள் பரிசோதித்துக் கொடுக்கத் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு பதிப்பித்தார். ஆயினும் அதற்குப்பின் பன்னிரண்டு ஆண்டுகள் பழைய நூல் எதுவும் அவராற் பதிப்பிக்கப்பெற்று வெளிவந்திலது. அதனை ஒரு குற்றமாகக் கூறுகின்றேமல்லேம். குடும்பந் தாங்குவார்க்கு உத்தியோகமும் ஒரு கடமையேயாம்.

1879ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் நாவலரவர்கள் தேகவியோகமாயினார். அப்பொழுது அவருக்கு வயது 56, பிள்ளையவர்கட்கு 47. பிழையறப் பதிப்பிக்க வல்ல ஒருவர் மறைந்தமையால் பழைய சுவடிகளின் நிலை முன்னினும் இரங்கத்தக்கதாயிற்று. ஓலைச்சுவடி நெடுங்காலம் நிற்கும் பொருளன்று. செல்லும் இராமபாணப் பூச்சியும் அதனை அரிக்கும், ஓரம் முரியும், கயிறு கழன்றால் ஏடு மாறும். ஒரு சுவடி நைந்துபோகுமுன் அதனைப் பார்த்து வேறொரு சுவடி எழுதுவார் இருந்தவரையில் நூல்கள் வாழ்ந்தன. அச்சும் ஆங்கிலக் கல்வியும் பரவியபின் ஏடெழுதுவார் அருகினர். எழுதுவாரும் அருகி, அச்சிடுவாரும் இன்றேல், பதினைந்து இருபது ஆண்டு தாழ்த்தாலும் ஒரு நூல் உலகத்தினின்றே நீங்கிவிடும். பிள்ளையவர்கள் கண்ட உண்மை இதுவே. வழக்காடிப் பொருளீட்டுதலும் சொந்த நூல் இயற்றலும் சிலகாலம் பொறுக்கும், ஏடு பொறாது.

இதனை உணர்ந்தபின் அவர் செய்த வேலையின் விரைவு வியக்கத்தக்கது. 1881ஆம் ஆண்டில், உத்தியோகத்தில் இருக்கும்போதே, வீரசோழியத்தை வெளியிட்டார். மறு ஆண்டு உத்தியோகத்தினின்றும் ஓய்வு பெற்றார். 1883இல் இறையனாரகப்பொருளும் தணிகைப்புராணமும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரமும், 1887இற் கலித்தொகையும், 1889இல் இலக்கணவிளக்கமும் சூளாமணியும், 1891இல் தொல்காப்பிய எழுத்ததிகாரமும், 1892இற் சொல்லதிகாரம் நச்சினார்க்கினியர் உரையும் வெளிவந்தன. முற்பட்ட இருபத்தைந்து ஆண்டிற்கு மேற்பட்ட காலத்தில் இரண்டு நூல் பதிப்பித்தவர், பிற்பட்ட பதினோராண்டில் ஒன்பது நூல் பதிப்பித்தார். இக்காலத்தும் அவர் முற்றும் ஓய்ந்திருந்தாரல்லர். கும்பகோணத்தில் வழக்கறிஞராகவும், பின்னர்ப் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தார். எது முதல், எது அடுத்தது என்பது தெளிவாயிருந்தமையின் இத்தனையும் முடிந்தன.

நூல்களை எடுத்துக்கொண்ட முறையும் நோக்கத்தக்கது. தொல்காப்பியத்துள் முதற்கண் நிற்பது எழுத்ததிகாரம். அதனை வரிசைப்படி முதலிற் பதிப்பித்தலே எவர்க்கும் தோன்றும். ஆனால் அது மழவை மகாலிங்கையரால் 1847ஆம் ஆண்டிலேயே அச்சேறியிருந்தது. சொல்லதிகாரமும் 1868இற் பிள்ளையவர்களாலேயே சேனாவரையத்துடன் வந்துவிட்டது. பொருளதிகாரமோ முழுமையாக அச்சேறாது, அருகிய சில ஏடுகளில் மட்டும் கிடந்தது. ஆதலின் அதனை முன்னும், எழுத்தினைப் பின்னும் வெளியிட்டார். எட்டுத்தொகையுள் முதன்முதல் அச்சேறிய நூல் அவர் பதிப்பித்த கலித்தொகையே.

விட வேண்டியதனை விடுதலும் இவ்வாழ்க்கையிற் காணப்படுகின்றது. சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்கவேண்டும் என்னும் ஆசை பிள்ளையவர்கட்கு மிகுதியாக இருந்தது. கும்பகோணத்திலிருந்த உ. வே. சாமிநாதையரவர்கள் அந்நூலை ஆராய்ந்து வருவதை அறிந்து, அவர் வைத்திருந்த பிரதியைத் தமக்கு உதவும்படி பன்முறை வேண்டினார். ஐயரவர்களோ தாமே அச்சிட எண்ணியிருந்தமையால் இசைந்திலர். 1887ஆம் ஆண்டில் ஐயரவர்களின் சிந்தாமணி வெளிவந்தது. அவ்வாண்டிலேயே பிள்ளையவர்களின் கலித்தொகையும் வெளிவந்தது. கிடையாத ஒன்றன் பொருட்டுப் பிள்ளையவர்கள் ஆண்டுகளைப் போக்கியிருப்பின் கலித்தொகை நமக்கு எப்பொழுது கிடைத்திருக்குமோ அறியோம். இருவரும் இருவேறு நூலில் உழைத்தமையால் தமிழுலகிற்கு இரண்டும் கிடைத்தன.

விரைந்து செய்த வேலையிற் குறை நேர்தல் இயல்பு. பொருளதிகாரம் முழுவதையும் நச்சினார்க்கினியர் உரையென்றே அவர் பதிப்பித்தார். அதன் இறுதி நான்கியல்கட்கு அமைந்த உரை பேராசிரியருடையது என்பதைப் பிற்காலத்தில் ரா. இராகவையங்காரவர்கள் ஆராய்ந்து நிறுவினார். ஏட்டிற் புள்ளியிராது, எகர ஏகார வேறுபாடும் காலும் ரகரமும் விளங்கா. அத்தகைய ஏடுகளிற் பாடந் தெளிதற்கே நெடுங்காலம் செல்லும். எல்லா ஐயமும் தீர்ந்தபின்னரே அச்சிடுவேம் என்று அவர் இருந்திருப்பின் பிழையற்ற பதிப்பு ஒன்றிரண்டு கிடைத்திருக்கலாம். ஏனையவை அழிந்தும் போயிருக்கலாம். அச்சேறிய நூலின் பிழையைப் பின்வருவார் திருத்துவர். அழிந்த நூலை எவர் மீட்பர்? இதனைச் சோர்வுக்குச் சமாதானமாக எவரும் கொள்ளற்க. அவர் பல பிரதிகளை வருந்தித் தேடி, ஒப்புநோக்கி, தம் கைப்பொருளைச் செலவிட்டே பதிப்பித்தார்.

அரசாங்கத்தார் 1895ஆம் ஆண்டில் அவர்க்கு இராவ்பகதூர்ப் பட்டம் அளித்தனர். 1901ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதல் தேதியில், 68ஆம் வயதில், பிள்ளையவர்கள் சிவபதம் அடைந்தார். எட்டுத்தொகையுள் எஞ்சிய ஏழு நூல்களும் பிறர் கையாலேயே அச்சேறின. அவர் எண்ணியவற்றுள் முடியாதன பல. முடிந்தவையோ, பிற்பட்டிருப்பின் இழக்கத்தக்கவை.

நம் சங்கத்தைச் சார்ந்த குடும்பத்தார் இச்சரிதத்தாற் கொள்ளத்தக்கது யாது? ஒவ்வொருவரும் தாம் செய்யக் கருதியவற்றை நிரல்பட எழுதி, இவ்வாண்டு செய்யாவிடின் என்றும் செய்யவியலாதது எது என்று தம்மைத்தாமே வினவுதல் வேண்டும். வீட்டிற்கு மேல்மாடி எடுப்பது அடுத்த ஆண்டிற்குப் பொறுக்கும். மகளுடைய படிப்பு பொறாது. நிலம் வாங்குதல் பொறுக்கும். முதுமையெய்திய தாய்தந்தையர்க்குச் செய்யும் பணி பொறாது. மாணவர்களும் பரீட்சைக்குச் சில நாளே இருக்கும்போது, அறிந்ததனையே மீண்டும் படித்து மகிழாமல் அறியாத பகுதியை முன்னெடுத்தல் வேண்டும். வேறொருவர் நன்கு செய்யும் பணியை நாமும் போட்டியிட்டுச் செய்யாது, செய்வாரின்றிக் கிடப்பதனைத் தேடி மேற்கொள்ளல் நன்று.

இன்னுமொன்று கூறி அமைவாம். நம் வீடுகளிற் பரண்மீது முன்னோர் வைத்த ஏட்டுச்சுவடிகள் எவையேனும் கிடப்பின், அவற்றைப் போகித்தீக்கு இரையாக்காமல், சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்திற்கோ தஞ்சைச் சரசுவதி மகாலுக்கோ சேர்ப்பியுங்கள். அடுத்த பொங்கலுக்குப் பரணைத் துப்புரவு செய்யும்போது பார்க்கலாம் என்று வையாமல், இம்மாதத்திலேயே ஏறிப் பாருங்கள்.