பிரிட்ஸ் போலார்ட்: மறக்கப்பட்ட முதல் பயிற்சியாளர்

1989ஆம் ஆண்டு அமெரிக்கக் கால்பந்தின் தேசிய லீக்கில் ஆர்ட் ஷெல் என்ற கறுப்பினத்தவர் ஓர் அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். அமெரிக்க விளையாட்டு உலகம் அதைப் பெரிய திருப்புமுனையாகப் பார்த்தது. ஆனால் அவர் முதலாமவர் அல்ல. 68 ஆண்டுகளுக்கு முன்பே இன்னொரு கறுப்பினத்தவர் அந்தப் பொறுப்பில் இருந்திருக்கிறார். அவர்தான் பிரிட்ஸ் போலார்ட்.

1894இல் சிகாகோவில், முடிதிருத்தும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். அடிமைத்தனத்தை எதிர்த்துப் போராடிய பிரெடரிக் டக்ளஸின் பெயரையே பெற்றோர் அவருக்குச் சூட்டினர். பிரிட்ஸ் என்பது பின்னர் வந்த அழைப்புப் பெயர்.

அமெரிக்கக் கால்பந்தில் முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, மறிக்க வருபவர்களிடம் சிக்காமல் ஓடுபவரை ரன்னிங் பேக் என்பார்கள். போலார்ட் உயரமானவரோ பருமனானவரோ அல்ல. வேகமும் சட்டென்று திசைமாறும் திறனும்தான் அவருடைய பலம். பிரவுன் பல்கலைக்கழக அணிக்காக 1916 ஜனவரி 1 அன்று புகழ்பெற்ற ரோஸ் பவுல் போட்டியில் களமிறங்கினார். அதில் ஆடிய முதல் கறுப்பின வீரர் அவரே. அந்தப் பயணத்தில் விடுதி ஒன்று அவருக்கு அறை தர மறுத்தது. அணியினர் உறுதியாக நின்ற பிறகே இடம் கிடைத்தது. போட்டியில் பிரவுன் தோற்றது. ஆனால் அதே ஆண்டின் பிற்பகுதியில் யேல், ஹார்வர்டு இரண்டையும் பிரவுன் அணி வீழ்த்தியது. அந்த வெற்றிகளின் நாயகன் போலார்ட்.

1919இல் ஆக்ரன் நகரத் தொழில்முறை அணியில் சேர்ந்தார். அங்கே ஆட்ட உடையை அணி உரிமையாளரின் சுருட்டுக் கடையில் மாற்றிக்கொண்டுதான் மைதானத்துக்குப் போக வேண்டியிருந்தது. பார்வையாளர்கள் இழிசொற்களை வீசினர். கீழே விழுந்தால் எதிரணியினர் வேண்டுமென்றே மேலே பாய்வார்கள். அதனால் விழுந்தவுடன் மல்லாந்து படுத்து, சைக்கிள் மிதிப்பதுபோல் கால்களைச் சுழற்றித் தற்காத்துக்கொள்ளப் பழகினார்.

1920இல், இன்றைய தேசிய லீக் வேறு பெயரில் தொடங்கிய முதல் ஆண்டிலேயே, ஒரு போட்டியிலும் தோற்காமல் ஆக்ரன் சாம்பியனானது. மறு ஆண்டு போலார்ட் ஆடிக்கொண்டே இணைத் தலைமைப் பயிற்சியாளராகவும் ஆனார். அவரை விடுதிக்குள் விடாத ஒரு நாட்டில், வெள்ளையின வீரர்கள் அவருடைய வியூகப்படி ஆடினார்கள்.

1926உடன் லீக்கில் அவருடைய ஆட்டம் முடிந்தது. பிறகு கதவே மூடப்பட்டது. 1934 முதல் 1945 வரை அந்த லீக்கில் ஒரு கறுப்பின வீரர்கூட இல்லை. எழுதப்பட்ட சட்டம் எதுவும் கிடையாது. ஆனாலும் யாரும் சேர்த்துக்கொள்ளப்படவில்லை. போலார்ட் சும்மா இருக்கவில்லை. நியூயார்க்கில் கறுப்பின வீரர்களைக் கொண்ட பிரவுன் பாம்பர்ஸ் அணிக்குப் பயிற்சியளித்தார். கறுப்பின மக்களுக்காக ஒரு செய்தித்தாளும் நடத்தினார்.

1986இல், 92ஆம் வயதில் அவர் காலமானார். ஆர்ட் ஷெல் பொறுப்பேற்றதைக் காண அவர் இல்லை. தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மண்டபம் அவரைச் சேர்த்துக்கொண்டது 2005இல்தான்.

போலார்டின் சாதனைகள் எல்லாம் பதிவேட்டில் இருந்தன. அவற்றை எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை. ஒரு சமூகம் தன் முன்னோடிகளின் வரலாற்றைத் தன் பிள்ளைகளுக்குச் சொல்லத் தவறினால், அடுத்து வருபவர் ஒவ்வொருவரும் தானே முதலாமவர் என்று எண்ணி, தொடக்கத்திலிருந்தே நடக்க வேண்டியிருக்கும்.